1966 மஸ்டாங், ஆறு சிலிண்டர்: ஒன்பது ஆண்டுகளும் ஒரு சிறிய வால்வும்

டெக்சாஸில் இருக்கும் நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "1966 ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று விலைக்கு வருகிறது. ஆறு சிலிண்டர்தான். வாங்கலாமா?" பதினான்கு மாதம் நோய்ப்பட்டுக் கிடந்த என் வண்டி தேறியெழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

மிச்சிகனில் ஒன்பது ஆண்டுகளாக இதே வண்டி என்னிடம் இருக்கிறது. 200 கன அங்குல எஞ்சின், 120 குதிரைத்திறன். பானெட்டைத் திறந்தால் பார்க்க வருகிறவர்கள் ஒரு நொடி குனிந்துவிட்டு, "எட்டு சிலிண்டர் இல்லையா?" என்று கேட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது வலிக்கும். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் இந்த வண்டியை அறிமுகம் செய்தபோது ஊரெங்கும் பேசப்பட்ட விலை 2,368 டாலர். அது ஆறு சிலிண்டர் வண்டியின் விலை. ஃபால்கன் என்ற எளிய குடும்பக் காரின் பாகங்களை அடியில் வைத்து, நீண்ட முகமும் குறுகிய பின்புறமுமாக மேலே புதிய உடலைப் பொருத்தியதால்தான் அந்த விலை சாத்தியமானது. இரண்டு ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் வண்டிகள் விற்றன. சம்பளக்காரர்கள் வாங்க முடிந்த அழகு என்பதுதான் மஸ்டாங்கின் கதை. அந்தக் கதையைத் தொடங்கி வைத்த ஆறு சிலிண்டரைக் கண்டு முகம் சுளிப்பது எனக்கு விளங்கவே இல்லை.

பானெட்டுக்குள் எவ்வளவு இடம் தெரியுமா! எஞ்சினுக்குப் பக்கவாட்டில் தரையே தெரியும். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஆறு ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே பக்கம் வரிசையாக நிற்கின்றன; கழற்றி மாட்டக் கால் மணி நேரம் போதும். முன் கதவுகளில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சற்றுத் திருப்பினால் காற்று நேராக மார்பில் வந்து விழும். 1969 மாடலோடு அதை எடுத்துவிட்டார்கள். அம்பாசடரில் போனவர்களுக்கு அந்தச் சுகம் நினைவிருக்கும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு, வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது அது லேசாகத் திணறியது. பழைய வண்டிகளுக்குப் பெயர் பெற்ற ஒரு பட்டறையில் விட்டேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை மாற்றிவிட்டார்கள். 640 டாலர். நின்ற இடத்தில் எஞ்சின் பூனைபோல் ஓடியது. ஆனால் நெடுஞ்சாலையில் ஏறுவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டிக்கு மூச்சு முட்டியது. பின்னால் வருகிற லாரியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அந்தச் சாய்தளத்தில் ஏறுவது எப்படி இருக்கும் என்பதை ஏறியவர்கள் அறிவார்கள். மூன்று முறை திரும்பப் போனேன். வயர்களை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள். கடைசியில், "ஆறு சிலிண்டர் இவ்வளவுதான் இழுக்கும்" என்றார்கள். எட்டு ஆண்டு ஓட்டியவனிடம் சொல்கிற சொல்லா இது?

காரணத்தைக் கண்டுபிடித்தவர், சனிக்கிழமைக் கார் சந்திப்பில் பழக்கமான ஒரு முதியவர். குனிந்து பார்த்த உடனே, "அந்த வால்வு எங்கே?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். எஞ்சின் வேகம் கூடக் கூட ஸ்பார்க் சற்று முன்னதாக விழ வேண்டும். ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். பெரும்பாலான டிஸ்ட்ரிபியூட்டர்களில் சுழலும் சிறு எடைகள் இதற்கு உதவுகின்றன. என் வண்டியில் இருக்கும் லோட்-ஓ-மேட்டிக் டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகளே கிடையாது. கார்புரேட்டரிலிருந்து வரும் காற்றின் உறிஞ்சலை மட்டும் நம்பித்தான் அது ஸ்பார்க்கை முன்னே தள்ளுகிறது. அந்த உறிஞ்சலைச் சரியான அளவில் அனுப்புவதற்காகவே, இதற்கென்று செய்த ஆட்டோலைட் 1100 கார்புரேட்டரின் பக்கவாட்டில் வட்டமான சிறிய வால்வு ஒன்று திருகப்பட்டிருக்கும். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு ஜோடி. பட்டறைக்காரர்கள் மாட்டியது வால்வு இல்லாத பிற்கால வகை. அழுத்தி மிதிக்கும்போது அதில் உறிஞ்சல் குறைந்துவிடும். ஸ்பார்க் முன்னே போக வேண்டிய அதே நொடியில் பின்வாங்கும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். அவர்கள் மாட்டியது நல்ல கார்புரேட்டர்தான். எடைகள் உள்ள 1968 டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்தால் ஒழுங்காக வேலை செய்திருக்கும். அதே பட்டறை செய்த பிரேக் வேலை இன்றும் குறையில்லாமல் இருக்கிறது. மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் என் பழைய கார்புரேட்டரைக் கேட்டபோது, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்த எஞ்சினோடு வாழ்ந்த பொருள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய உதிரிபாகச் சந்தையில் வால்வோடு ஒன்று கிடைத்தது. சமையலறை மேசையில் இரண்டு இரவு உட்கார்ந்து கழுவி, கேஸ்கெட்டும் டயஃப்ரமும் மாற்றிப் பொருத்தினேன். இங்கே பழைய வண்டிகளுக்கான வரலாற்று வாகன எண்பலகை வைத்திருப்பவர்கள் ஆகஸ்டு மாதத்தில் வண்டியை விருப்பம்போல் ஓட்டலாம். அந்த மாதத்திலேயே வேலை முடிந்தது என் பாக்கியம். மாலையில் உட்வர்ட் அவென்யூவில் பச்சை விளக்கு விழுந்ததும் மிதித்தேன். திணறவில்லை, தயங்காமல் இழுத்துக்கொண்டு போனது. "இதுதாங்க நம்ம வண்டி" என்றாள் மனைவி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர், "அப்படியானால் வாங்கிவிடுகிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். 289 கன அங்குல எட்டு சிலிண்டர் மஸ்டாங்கை வாங்குங்கள். அதன் நாடி தெரிந்த கைகள் எந்த ஊரிலும் இருக்கின்றன. இந்த ஆறு சிலிண்டரின் நாடி தெரிந்தவரைத் தேடி நான் பதினான்கு மாதம் அலைந்திருக்கிறேன். நீங்கள் அலைய வேண்டாம். ஆனால் அந்த வண்டியைப் பார்க்கப் போனால் கார்புரேட்டரின் பக்கவாட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். வால்வு இருந்தால், அதை மட்டும் தனியாக விற்பார்களா என்று கேட்க வேண்டும். என்னிடம் உதிரிக்கு இன்னொன்று இல்லை.