ஐந்தாவது போல்ட்டும் பெட்டித் தராசும்

ஊருக்கு வந்த மூன்று வாரப் பயணத்தில் வங்கி வேலை, பத்திர வேலை, பல் வைத்தியம் எல்லாம் சொன்ன நாளில் சொன்னபடி முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரே ஒரு சக்கர போல்ட் ஒரு முழுப் பகலைத் தின்றுவிட்டது. அதை எழுதித் தீர்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அக்காவின் கார். முன்பக்க இடது டயரில் காற்று இறங்கியிருந்தது. "நீங்கள் உள்ளே போய் உட்காருங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன்" என்றார் அத்தான். நான் விடவில்லை. வெளிநாட்டுக்குப் போனவனுக்கு ஸ்டெப்னி மாற்றக்கூட மறந்துவிட்டது என்று பேச்சு வந்துவிடக் கூடாதே! ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டைத் தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் நன்றாக நினைவிருந்தது. நான்கு போல்ட்டுகள் முனகிக்கொண்டே கழன்றன. ஐந்தாவது அசையவில்லை. ஸ்பேனர் மீது ஏறி நின்று ஒரு மிதி மிதித்தேன். 'டக்' என்றது. கழன்றுவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். போல்ட்டின் தலை மட்டும் தரையில் உருண்டு அத்தானின் செருப்பருகே போய் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடைத்தது என் கால்தான், ஆனால் குற்றம் முழுவதும் என்னுடையது இல்லை. முந்தைய முறை டயர் மாற்றிய இடத்தில், காற்றழுத்தத்தில் போல்ட் முடுக்கும் ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று அழுத்திவிட்டிருக்கிறார்கள். அளவு மீறி முறுக்கிய போல்ட் உள்ளுக்குள் இழுபட்டு நீண்டுவிடும். அதோடு துருவும் சேர்ந்தால், கழற்றப் போகிறவன் கையில்தான் அது உயிரை விடும். இறுக்கியவன் தப்பித்துவிடுவான்.

ஜப்பானிய, கொரியக் கார்களில் பெரும்பாலும் ஹப்பிலிருந்தே, அதாவது சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியிலிருந்தே, ஸ்டட் என்ற மரையுள்ள கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், நட்டைத்தான் முடுக்குவோம். அந்த ஸ்டட் உடைந்தால் பின்பக்கம் தட்டி வெளியே தள்ளிவிட்டுப் புதியதை இழுத்துப் பொருத்தலாம். அக்காவின் கார் ஐரோப்பிய வகை. அதில் ஸ்டட் கிடையாது, போல்ட் நேராக ஹப்பின் மரைக்குள் போகிறது. தலை போய்விட்டால் மிச்சம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

நான் வாழும் நாட்டில் இதே விபத்து எனக்கு ஒருமுறை நேர்ந்திருக்கிறது. முன்பதிவு செய்தேன், ஒன்பது நாள் காத்திருந்தேன். மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஹப்பையும் பேரிங்கையும் முழுதாக மாற்றிவிட்டு, உடைந்த போல்ட்டைக்கூடக் கண்ணில் காட்டாமல் ரசீதை நீட்டினார்கள். அதை எடுக்க முயன்றீர்களா என்று கேட்டதற்கு, நேரம் கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது.

இங்கே ஸ்டெப்னியை நான்கு போல்ட்டில் பூட்டி, மெதுவாக ஊர்ந்து ஒரு பட்டறைக்குப் போனோம். "பத்து நிமிடம் சார்" என்றார் மெக்கானிக். அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளும் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்.

வந்தவுடன் டிரில்லை எடுப்பார், நடுவில் துளை போட்டு, உடைந்த போல்ட்டை உள்ளிருந்து கவ்வி எடுக்கும் ஈஸி அவுட்டை விட்டுத் திருகுவார் என்று நினைத்துப் பதறிக்கொண்டிருந்தேன். அந்த ஈஸி அவுட் கடினமான எஃகு. துளைக்குள் அது முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடவே தொடாது, பிறகு நிஜமாகவே ஹப்பைத்தான் மாற்ற வேண்டும். அவர் டிரில் பக்கமே போகவில்லை. டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பரைக் கழற்றினார். அது பிரேக் எண்ணெய் ஹோஸில் தொங்காதபடி கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினார். டிஸ்க்கை உருவியதும் ஹப்பின் முகத்துக்கு மேலே போல்ட் நகக்கண் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. "இது போதும்" என்றார்.

துருவிலக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்தார். ஒரு நட்டை அந்த மிச்சத் துண்டின் மேல் வைத்து, நட்டின் துளை வழியே வெல்டிங் செய்யத் தயாரானார். எனக்குப் பொறுக்கவில்லை. "பேட்டரி?" என்றேன். எப்போதோ கழற்றிவிட்டாராம். "எர்த்?" என்றேன். ஹப்பின் முகத்திலேயே, போல்ட்டுக்கு ஒரு விரல் தள்ளி, வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பை மாட்டியிருந்தார். "பாடியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போகும் சார். பேரிங் பொட்டுப் பொட்டாகக் கெட்டுவிடும்" என்று எனக்கே விளக்கினார். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நட் ஒட்டாமல் பிய்ந்து வந்தது. இரண்டாவது பிடித்தது. செக்கச்சிவந்திருந்ததை ஆறவிட்டார். சூட்டில் விரிந்த இரும்பு ஆறும்போது சுருங்கி, துருவின் பிடியை விட்டுவிடும். ஸ்பேனரை வைத்து இந்தப் பக்கம் இம்மி, அந்தப் பக்கம் இம்மி என்று அசைத்தார். மூன்றாவது அசைவில் கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு விரலாலேயே சுழற்றி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சிறுவயதில் முள் எடுத்த பாட்டி அதைக் கையில் வைத்துக் காட்டுவாளே, அப்படி. கண் கலங்கவில்லை என்று சொன்னால் பொய்.

கண்ணீர் காய்வதற்குள் அதே மனிதர் பழைய போல்ட்டுகள் நிறைந்த தகர டப்பாவைக் கவிழ்த்தார்.

பொறுக்கி எடுத்த போல்ட்டின் மரை சரிதான், 14 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. தலையின் அடிப்பகுதிதான் தவறு. காரில் இருந்தவற்றுக்குப் பந்துபோல் உருண்ட அடி, இதற்குக் கூம்பு அடி. சக்கரத்தின் உருண்ட குழியில் கூம்பு மெல்லிய வளையமாக மட்டுமே படும், ஓடும்போது தளரும். "எல்லாம் ஒன்றுதான் சார், பிடிக்கிறது பாருங்கள்" என்றார். ஒரு மணி நேர வாக்குவாதம். கடைசியில் அத்தான் ஸ்கூட்டரில் போய், தலையில் 10.9 என்று வலிமைத் தரம் பொறித்த சரியான போல்ட்டுகள் ஐந்தையும் வாங்கி வந்தார். மற்ற நான்கும் அதே ஏர் கன்னில் அடிவாங்கியவைதானே?

மரை வெட்டும் டேப் கருவியை விட்டு ஹப்பின் மரையைச் சுத்தம் செய்யச் சொன்னேன், செய்தார். புது போல்ட் கையாலேயே ஏழெட்டுச் சுற்று உள்ளே போனதும் நிம்மதி வந்தது. அடுத்த நொடி கிரீஸ் டப்பாவில் விரலை விட்டார். காய்ந்த மரைக்குக் கணக்கிட்ட முறுக்கை வழுக்கும் மரையில் கொடுத்தால் போல்ட் மீண்டும் இழுபடும் என்றேன். விரலைத் துணியில் துடைத்தார், என்னைப் பார்த்த பார்வையைத் துடைக்கவில்லை.

போல்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய முறுக்கு கையேட்டில் 120 நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. "முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா?" என்றேன். "இருக்கிறதே" என்று வலது காலைத் தூக்கி ஸ்பேனர் மீது வைத்துக் காட்டினார்.

இத்தனை நுணுக்கமாகக் கழற்றத் தெரிந்தவருக்குப் பூட்டும்போது மட்டும் எங்கிருந்து இந்த அவசரம் வருகிறது? நான் வாழும் நாட்டில் எனக்குக் கழற்றத் தெரியாதவர்கள்தான் வாய்த்தார்கள், ஆனால் பூட்டும்போது கருவி 'கிளிக்' என்று சொல்லும்வரை ஒருவரும் கையை எடுப்பதில்லை.

அப்போதுதான் என் கைப்பையில் இருந்த பெட்டித் தராசு ஞாபகம் வந்தது. விமானத்துக்குப் பெட்டி தூக்கிப் பார்க்கும் அந்தச் சின்னக் கொக்கித் தராசுதான். அவருடைய ஸ்பேனர் 40 சென்டிமீட்டர். அதன் நுனியில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுத்து 30 கிலோ காட்டினால் ஏறக்குறைய 118 நியூட்டன் மீட்டர். பட்டறையே கூடி நின்று சிரித்தது. டிஸ்க்கையும் காலிப்பரையும் திரும்பப் பூட்டி, சக்கரத்தை மாட்டி, ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் ஐந்தையும் இழுத்தேன். ஐந்தாவதை அவரே வாங்கி இழுத்து, எண்ணைப் பார்த்து, "முப்பத்தொன்று" என்றார். சிரிப்பு நின்றிருந்தது.

80 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதிக்க வேண்டும் என்று அத்தானிடம் தராசைக் கொடுத்திருந்தேன். சோதித்தார், ஒரு போல்ட் மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்ததாம். தராசு அவர் காரின் டிக்கியிலேயே தங்கிவிட்டது. விமான நிலையத்தில் என் பெட்டி நான்கு கிலோ கூடுதல்.