கத்ர் போர்னில் துபாய் சாக்லேட்: வரிசையில் நிற்கத் தகுமா?

மொரீசியஸின் கத்ர் போர்ன் நகரச் சந்தைக்கு அருகே அண்மையில் திறந்திருக்கும் இனிப்புக் கடையில், துணிச்சந்தை கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் துபாய் சாக்லேட் வாங்குவோரின் வரிசை நடைபாதை வரை நீள்கிறது. அந்தச் சாக்லேட் நன்றாக இருக்கிறதா என்பதோடு, ஒரு முறைகூடச் சுவைத்திராத இத்தனை பேர் அதற்காக ஏன் காத்து நிற்கிறார்கள் என்பதையும் சொன்னால்தான் இந்தக் கடையின் மதிப்பீடு முழுமை பெறும்.

பிஸ்தா விழுது, எள் விழுது, வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்த கதாயிஃப் என்னும் சேமியாவைவிட மெல்லிய மாவிழைகள் ஆகியவற்றைக் கலந்து, பால் சாக்லேட் ஓட்டுக்குள் பூரணமாக அடைத்த பட்டை இது. துபாயில் சாரா ஹமூதா 2021இல் தொடங்கிய ஃபிக்ஸ் நிறுவனத்தின் படைப்பான இது, 2023 டிசம்பரில் டிக்டாக்கில் வெளியான ஒரு காணொளிக்குப் பிறகே உலகெங்கும் பேசப்பட்டது. கடிக்கும்போது எழும் மொறுமொறுப்பான ஓசையும், பிதுங்கி வழியும் பச்சை நிறமும் கைபேசித் திரையில் அப்படியே வந்து சேர்கின்றன. இப்பண்டம் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இக்கடையில் வாங்கிய பட்டையை உடைத்தபோது அந்த ஓசை எழவில்லை. ஓடு தேவைக்கு மேல் தடித்திருந்தது; பூரணம் நடுவில் மட்டும் இருந்ததால் ஓரங்களில் வெறும் சாக்லேட்டே வாயில் பட்டது. மாவிழைகள் ஈரம் ஏறி நமத்துப்போயிருந்தன. இந்த இனிப்பைத் திகட்டாமல் காப்பாற்ற வேண்டிய எள்ளின் இளங்கசப்பு சர்க்கரையில் அடிபட்டுப் போயிருந்தது. விலையோ, சந்தையில் அலுடா என்னும் குளிர்ந்த பால் பானம் ஒரு குவளைக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. ஆனால் இதே கடையின் ஸ்ட்ராபெரிக் கிண்ணத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். பழத்தை நம் கண்முன்னே நறுக்கி, இளஞ்சூடான சாக்லேட்டை ஊற்றி, அப்போதே வறுத்த இழைகளை மேலே தூவித் தருகிறார்கள். பழத்தின் புளிப்பு இனிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது, இழைகளும் கடைசிக் கரண்டி வரை முறுகலாகவே இருக்கின்றன.

இனி வரிசைக்கு வருவோம். பணம் வாங்கவும் பண்டம் கொடுக்கவும் ஒரே இடம்தான் என்பதால் வரிசை மெதுவாக நகர்கிறது. பேருந்துக்காக நடந்து போகிறவர்களும் அதைக் கண்டு நின்றுவிடுகிறார்கள். 1969இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் உடன் ஆய்வாளர்களும் நியூயார்க் தெருவொன்றில் ஆட்களை நிறுத்தி, எதிர்க் கட்டடத்தின் ஆறாம் மாடிச் சன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் பார்த்தபோது வழிப்போக்கர்களில் 4 விழுக்காட்டினர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது நின்றவர்கள் 40 விழுக்காடு. இதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். தெரியாத ஊரில் கூட்டமுள்ள உணவகத்தைத் தேடிப் போவது நல்ல புத்திதான், ஏனெனில் அங்கே உண்பவர்களில் பலர் ஏற்கெனவே உண்டு பார்த்துத் திரும்பி வந்தவர்கள். இந்த வரிசையிலோ, நான் பேச்சுக் கொடுத்தவர்கள் எல்லாரும் காணொளியைப் பார்த்து முதன்முறையாக வந்தவர்கள். ஒருவருக்கு மற்றவரே சாட்சியாக நின்றார்கள்.

2006இல் வெளியான ஓர் ஆய்வும் இங்கே பொருந்துகிறது. சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவரும் இணையத்தில் 14,000க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, அறிமுகமில்லாத ஒரே பாடல் தொகுப்பை எல்லாருக்கும் கொடுத்தார்கள். பிறர் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பது தெரிந்த குழுக்களில், ஒரு குழுவில் முந்திய பாடல் இன்னொன்றில் பின்தங்கியது. மிக நல்லவை பெரும்பாலும் வீழவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் எழவில்லை. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நேரலாம் என்றிருந்தது. இக்கடைப் பட்டையை அந்த இடைப்பட்ட வகையில்தான் வைப்பேன்.

பிள்ளைகளின் நிலை வேறு. திங்கட்கிழமை பள்ளியில் எல்லாரும் பேசப்போகும் ஒன்றைத் தானும் தின்று பார்த்திருக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு உண்மையானது. அதற்காக ஒரு பட்டையை வாங்கி நாலு பேர் பகிர்ந்துகொள்வதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சுவைக்காகப் போகிறவர்கள் ஸ்ட்ராபெரிக் கிண்ணத்தையே கேளுங்கள். கூட்டம் குறைந்த வார நாள் பிற்பகல் வசதியானது. பட்டைதான் வேண்டுமென்றால் என்று செய்தது என்று கேட்டு, அன்றைக்குச் செய்ததை மட்டும் வாங்குங்கள். கடைக்காரர்கள் அந்தத் தேதியை உறையின் மேலேயே அச்சிட்டுவிட்டால் யாரும் கேட்க வேண்டியிருக்காது.