டூப்பா, துண்டு வேஷமா?

சினிமாவில் பிழைக்க வருகிறவருக்கு எது நல்லது: ஹீரோவுக்குப் பதிலாக ரிஸ்க் ஷாட்டில் வரும் டூப்பா, ஒற்றை வசனம் பேசும் துண்டு வேஷமா? டூப் போடுகிறவருக்கு முதல் தகுதி, முகம் தெரியாமல் இருப்பதுதான். ஹீரோ போட்டிருக்கும் அதே சட்டை, அதே விக். பேன்ட்டுக்குள் முழங்கால் பேடு. மாடியிலிருந்து குதித்தால் கீழே அடுக்கி வைத்த காலி அட்டைப்பெட்டிகள் வாங்கிக்கொள்ளும். பெட்டிகள் நசுங்கும்போதுதான் அடியின் வேகம் குறைகிறது. ஷாட் ஓகே என்றால் யூனிட்டே கைதட்டும். தியேட்டரில் விசில் மட்டும் ஹீரோவுக்கு.

துண்டு வேஷத்தில் உடம்புக்குச் சேதமில்லை. ஆனால் காத்திருப்பு இருக்கிறதே! விடிவதற்குள் மேக்கப் போட்டு உட்கார்ந்தால், "ஐயா, போலீஸ் வந்துருச்சு" என்ற ஒற்றை வசனத்துக்குச் சாயங்காலம் கூப்பிடுவார்கள். அதுவும் எடிட்டிங்கில் போய்விடலாம்.

சம்பளம்? ஒரு நாள் கணக்கில் ரிஸ்க் எடுக்கிறவருக்குத்தான் கூடுதல். சரி, அது எத்தனை வருடத்துக்கு? முதுகும் மூட்டும் ஒரு நாள் மறுத்துவிடும். வயதான முகத்துக்கோ அப்புறமும் வேஷம் உண்டு.

மொட்டை ராஜேந்திரனைப் பாருங்கள். பல வருடம் சண்டைக் கலைஞர். 2009-ல் 'நான் கடவுள்' வில்லன் வேடம் வந்த பிறகுதான் ஊருக்கு அவர் முகம் தெரிந்தது; அந்தக் கரகர குரலும் மொட்டைத் தலையும் பிறகு காமெடிக்கே மூலதனமாயின.

என்னைக் கேட்டால், முப்பது வயதுவரை டூப். ஆனால் கூட்டத்தில் ஓர் அடியாளாகவாவது கேமராவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.