டியாகோ ஈவி: பெட்ரோல் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

சொந்தமாக ஒரு பார்க்கிங், அதற்குப் பக்கத்தில் ஒழுங்கான எர்த்துடன் ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட், மாதம் 1,000 கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். இந்த மூன்றும் இருப்பவர்களுக்கு டாடா டியாகோ ஈவி என்ற மின்சாரக் காரின் 24 கிலோவாட் அவர் பேட்டரி மாடல் நல்ல வண்டி, தாராளமாக வாங்கலாம். மூன்றில் முதலிரண்டும் இல்லையென்றால், பெட்ரோல் என்ன விலை விற்றாலும் இந்த வண்டி உங்களுக்குச் சரிப்பட்டு வராது. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு கணக்கும்.

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஈவி ஷோரூமில் விசாரிப்பும் ஏறுகிறது. சென்னையில் 2022 ஏப்ரலில் லிட்டர் 110.85 வரை போனது. மே 22 அன்று மத்திய அரசு கலால் வரியை 8 ரூபாய் குறைத்ததும் ஒரே இரவில் 102.63 ஆனது. 2024 மார்ச்சில் இன்னும் 2 ரூபாய் இறங்கி, 2025 முடியும் வரை 101-ஐ ஒட்டியே நின்றது. 110 ரூபாய் வேகத்தில் கணக்குப் போட்டு வாங்கியவர்களின் மிச்சம் அந்த ஒரு இரவில் எவ்வளவு குறைந்தது? நகரத்தில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் வண்டியோடு ஒப்பிட்டால், 1,000 கிலோமீட்டருக்கு 590 ரூபாய்தான். பெட்ரோல் விலையின் உண்மையான எடை இவ்வளவுதான். அது இரண்டாவது காரணம். முதல் காரணம், நீங்கள் எந்த பிளக்கில் சார்ஜ் போடுகிறீர்கள் என்பது.

24 கிலோவாட் அவர் என்றால் மின்வாரிய மீட்டர் கணக்கில் 24 யூனிட். ஆனால் முழுதாக நிரப்ப மீட்டரில் 27 யூனிட் வரை ஓடும். மீதி, சார்ஜரின் சூட்டில் போய்விடும். அறிமுகத்தின்போது கம்பெனி சொன்ன 315 கிலோமீட்டர் சோதனைக்கூடக் கணக்கு. சென்னை டிராஃபிக்கில் ஏசி போட்டு ஓட்டினால் 200 கிடைக்கும், நிதானமாக ஓட்டுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம். ஆக 100 கிலோமீட்டருக்கு 13.5 யூனிட்.

இந்த யூனிட்டை 5 ரூபாய்க்குப் பெருக்கி "கிலோமீட்டருக்கு 70 பைசா" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், படிப்படியாக ஏறும் ஸ்லாப். காருக்குப் போடும் யூனிட் எப்போதும் மேல் படியில்தான் போய் உட்காரும். ஒரு பில்லுக்கு ஏற்கனவே 450 யூனிட் ஓடும் வீட்டை 2025 கட்டணத்தில் எடுத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு பில்லுக்கு 270 யூனிட் கூடி 720 ஆகும். 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படிச் சலுகையிலும் கொஞ்சம் போய்விடும். 1,500 ரூபாயைச் சுற்றி வந்துகொண்டிருந்த பில் 4,000-ஐத் தொடும். கூடுதல் 2,500-ஐ 270-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல், கிலோமீட்டருக்கு 1.25. இரண்டு ஏசி ஓடும் வீட்டில் பில் ஏற்கனவே 1,000 யூனிட்டைத் தாண்டியிருந்தால், காரின் ஒவ்வொரு யூனிட்டும் பதினொன்றரை ரூபாயைச் சுற்றி விழும். அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான் ஆகிறது, அதே தூரத்துக்கு லிட்டர் 101 கணக்கில் பெட்ரோல் 7.20 கேட்கிறது. மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டவர்களுக்குச் சராசரியாக நாளைக்கு 12 யூனிட் வரை கிடைக்கும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தேவை நாளைக்கு நாலரை யூனிட்தான். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் அந்த 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. கார் வாங்கும் முன்பே சோலார் போட்டுவிடுவது நல்லது.

இனி விலை வித்தியாசம். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது, ஈவிக்கு அதே 5 சதவீதம் தொடர்ந்தது. பெட்ரோல் டியாகோ 4.57 லட்சத்தில் தொடங்க, டியாகோ ஈவி 7.99 லட்சத்திலேயே நின்றது. 24 கிலோவாட் அவர் மாடல் அப்போது 10 லட்சத்துக்கு மேல். பெட்ரோல் விலை இறங்கியபோது குறைந்ததைவிட, இந்த ஒரு வரி மாற்றத்தில் ஈவியின் லாபம் அதிகமாகக் குறைந்தது. இதை டீலர் சொல்லமாட்டார். மறுபக்கம், தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்கு 13 சதவீத ஆயுள் வரி. ஈவிக்கு வரி விலக்கு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது, பதிவு செய்யும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டிலும் ஆண்டுக்கு 3,416-க்குப் பதில் 2,904. எல்லாம் போக, ஆட்டோமேட்டிக் பெட்ரோல் மாடலுக்கும் 24 கிலோவாட் அவர் ஈவிக்கும் ஆன்ரோடு வித்தியாசம் சுமார் 3 லட்சம் நிற்கும்.

கிலோமீட்டருக்கு 6 ரூபாய் மிச்சம் என்றால் அந்த 3 லட்சம் திரும்பிவர 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,500 ஓட்டுபவருக்கு இரண்டே முக்கால் வருஷம், 1,000 ஓட்டுபவருக்கு நாலு வருஷத்துக்குச் சற்று மேல், 500 ஓட்டுபவருக்கு எட்டு வருஷம் தாண்டும். பேட்டரி வாரண்டியே எட்டு வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர்தான். கடனில் வாங்கினால் அந்தக் கூடுதல் 3 லட்சத்துக்கு 9 சதவீதத்தில், ஐந்து வருஷத்துக்கு, மாதத் தவணை 6,200-ஐ ஒட்டி வரும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலில் மிச்சமாகும் 6,000 அதற்கே சரியாகிவிடும். லாபம் கடன் முடிந்த பிறகுதான் கண்ணில் தெரியும்.

பெட்ரோல் 91 ஆக இறங்கினால் இந்த 50,000 என்பது 57,000 ஆகும், 111 ஆக ஏறினால் 45,000 ஆகும். பத்து ரூபாய் ஏற்ற இறக்கத்துக்கு ஐந்திலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டர். வீட்டில் சார்ஜ் வசதி இல்லாமல் வெளியே டிசி சார்ஜரையே (பொது இடங்களில் இருக்கும் வேக சார்ஜர்) நம்பினால்? யூனிட் 22 ரூபாய் என்று வைத்தால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 26. சார்ஜர் சூட்டில் போகும் யூனிட் இங்கே பெரும்பாலும் உங்கள் கணக்கில் வராது என்பதால், 100 கிலோமீட்டருக்கு 12.5 யூனிட் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3.25. மிச்சம் 4 ரூபாயாகச் சுருங்கி, அந்த 3 லட்சம் திரும்பிவர 75,000 கிலோமீட்டர் ஆகும். பெட்ரோல் லிட்டருக்கு 28 ரூபாய் குறைந்ததற்குச் சமம் இது. சார்ஜர் வரிசையில் காத்துக்கிடக்கும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. சிஎன்ஜி டியாகோவே கிலோமீட்டருக்கு நாலு ரூபாயை ஒட்டி ஓடிவிடும்போது, வெளிச் சார்ஜரை மட்டும் நம்பி ஈவி வாங்குவதில் பொருள் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பம்ப்பில் விலைப் பலகை அசையாமல் நின்றாலும், ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் இது தவிர்க்க முடியாதது. எனவே விலைப் பலகையைப் பார்த்துக் கணக்குப் போடாமல், உங்கள் பழைய வண்டி இப்போது உண்மையில் தரும் மைலேஜை வைத்துப் போடுங்கள்.

வீட்டு வயரிங்கில்தான் நிறையப் பேர் காசைப் பிடிக்கப் போய்ப் பிரச்சினையில் மாட்டுகிறார்கள். வண்டியுடன் வரும் சார்ஜர் தொடர்ந்து 13 ஆம்பியர் இழுக்கும், 10-லிருந்து 100 சதவீதம் ஏற எட்டே முக்கால் மணி நேரம். கீஸர் இருபது நிமிஷத்தில் கட் ஆகிவிடும், இது ராத்திரி முழுக்க அதே சுமையில் நிற்கும். சாதாரண மாடுலர் சாக்கெட்டின் உள்ளே பித்தளைக் கவ்வி சூட்டில் தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடாகி, கடைசியில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். பிளக்கைக் கழற்றியதும் அதன் பின்களைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை உடனே மாற்ற வேண்டும். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை, சார்ஜரின் பிளக்குக்குப் பொருந்துமா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் ஆர்சிபிஓ (மின்கசிவு, அதிகச் சுமை இரண்டிலும் தானாக கட் ஆகும் பிரேக்கர்). ஏற்கனவே இருக்கும் ஏசி பாயிண்டிலிருந்து இழுக்கவே கூடாது.

அடுத்து எர்த். சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வண்டியை அல்ல, எர்த்தைத்தான். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் எர்த் பிட் கோடையில் காய்ந்துபோய், மே மாதத்தில் சார்ஜ் ஏறாமல் மழை வந்ததும் ஏறும். கரி, உப்பு போட்டு, தண்ணீர் ஊற்றிப் பராமரித்தாலே பாதி சரியாகும். நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே சேர்த்துக் கட்டிச் சார்ஜரை ஏமாற்றும் வேலையைச் சில எலக்ட்ரீஷியன்கள் செய்கிறார்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் வரும். உயிர் போகும் விஷயம், சம்மதிக்காதீர்கள்.

7.2 கிலோவாட் சார்ஜர் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. அது சிங்கிள் ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும், 6 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும், மின்வாரியத்தில் லோடு ஏற்ற வேண்டும். த்ரீ ஃபேஸ் வீட்டிலும் அத்தனையும் ஒரே ஃபேஸில் விழும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் காலை ஏழுக்கு நிரம்பும் வண்டிக்கு அந்தச் செலவு வீண். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்தின் பொது மீட்டரில் போடாமல், தங்கள் மீட்டரிலிருந்தே கேபிள் இழுக்க எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு வண்டியை புக் செய்யுங்கள். சார்ஜர் பெட்டியைத் தரையில் கிடத்தாமல் சுவரில் இடுப்புயரத்துக்கு மேல் மாட்டுங்கள். பேட்டரிக்கு ஐபி67 பாதுகாப்பு (தூசி, தண்ணீர் புகாத தரம்) உண்டு என்பதை நம்பி வெள்ளத்தில் இறக்கவும் வேண்டாம், நின்ற தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஆன் செய்யவும் வேண்டாம்.

வண்டி ஓட்ட அருமை. நகரத்தில் கியர் இல்லை, கிளட்ச் இல்லை, சிக்னலில் விட்ட நொடியில் பாய்கிறது. ரீஜென் (வேகம் குறையும்போது பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பும் வசதி) மூன்று படிகள், டிராஃபிக்கில் இரண்டாவது போதும். மூன்றில் வைத்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைசுற்றும். பிரேக்கை அதிகம் தொடாததால் கடற்கரைப் பக்கம் வசிப்பவர்களுக்கு டிஸ்க்கில் துரு ஏறிச் சத்தம் வரும், வாரம் ஒருமுறை ரீஜெனைப் பூஜ்ஜியத்தில் வைத்து நாலைந்து தடவை அழுத்திப் பிரேக் பிடித்தால் போதும். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது.

நெடுஞ்சாலையில்தான் இதன் எல்லை தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கிடைக்கும் தூரம், 100-ல் போனால் 150, 160 கிலோமீட்டராகச் சுருங்கும். டிசியில் 10-லிருந்து 80 சதவீதம் ஏற 57 நிமிஷம், அதாவது சராசரி வேகம் 18 கிலோவாட்கூட இல்லை. 60 கிலோவாட் சார்ஜிங் கன்னில் சொருகினாலும் இந்த நேரம் பெரிதாகக் குறையாது. சென்னையிலிருந்து பாண்டிச்சேரி வசதியாகப் போகலாம். திருச்சி போக வழியில் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், சார்ஜர் வேலை செய்யவில்லையென்றால் அடுத்ததுக்குப் போக 20 சதவீதம் கையில் வைத்திருக்க வேண்டும். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இது ஒரே காராக இருக்கக் கூடாது.

பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. இதில் வோல்ட்டேஜ் கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்பதால், மீதி எவ்வளவு என்று வண்டியே தப்பாகக் கணிக்கும். எப்போதும் 40-லிருந்து 80 வரை மட்டுமே ஏற்றி ஓட்டினால் ஒருநாள் 18 காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று 9 ஆகும். வாரம் ஒருமுறை வீட்டுச் சார்ஜரில் 100 வரை விட்டு, தானாக நிற்கும்வரை கழற்றாமல் இருங்கள், செல்கள் சமன்படும். முன்னால் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியையும் மறக்காதீர்கள். அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கண் திறக்காது.

பெட்ரோல் விலை நேரடியாகப் பேசும் இடம் மறுவிற்பனை. எரிபொருள் ஏறும்போது பழைய ஈவிக்கு ஆள் வருவார்கள், புது பெட்ரோல் கார் மலிவாகும்போது வரமாட்டார்கள். மூன்று வருஷத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் புதிதாக வாங்காதீர்கள், அந்த நஷ்டத்தை எந்த மிச்சமும் ஈடுகட்டாது. மாறாக, இரண்டு மூன்று வருஷம் ஓடிய ஈவியை வாங்குவதில்தான் இப்போது நல்ல லாபம் இருக்கிறது. வாங்கும் முன் சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள். அதோடு 100 சதவீதம் ஏற்றி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, 20 வரும்வரை ஏசி போட்டு நகரத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். 24 கிலோவாட் அவர் மாடலில் 150 கிலோமீட்டரை ஒட்டி வந்தால் பேட்டரி நல்ல நிலை. 120-க்குக் கீழே என்றால் விலையைப் பேசுவதற்கு முன் வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.