பழைய நெகிழ்வட்டுகளைப் படித்துத் தரும் சுங்கை சிப்புட் கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவரிசையில், கைப்பேசிக் கண்ணாடி மாற்றும் இடம்போலத் தோன்றும் ஒரு சிறு கணினிக் கடை, விண்டோஸுக்கு முந்திய டாஸ் (DOS) இயங்குதளக் காலத்து நெகிழ்வட்டுகளிலிருந்து (ஃபிளாப்பி) கோப்புகளை மீட்டுத் தரும் வேலையையும் செய்கிறது. எங்கள் தோட்டக் கோவிலின் கணக்குகளையும் கடிதங்களையும் 1980களின் இறுதியில் அலுவலகக் கிராணி (எழுத்தர்) ஒருவர் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இடிக்கப்பட்ட பிறகு, எஞ்சியது ஒரு பிஸ்கட் டின் நிறைய ஐந்தேகால் அங்குல வட்டுகள். கோவில் நிர்வாகக் குழு அவற்றை இந்தக் கடையில்தான் கொடுத்தது.

வட்டுகளைக் கையில் வாங்கியதும் கடைக்காரர் ஒவ்வொன்றின் ஓரத்து வெட்டையும் ஒட்டுத்தாளால் மூடினார். இவ்வகை வட்டில் அந்த வெட்டு மூடியிருந்தால் எதையும் எழுத முடியாது; பின்னர் வந்த மூன்றரை அங்குல வட்டிலோ துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. இதை மாற்றிப் புரிந்துகொண்டவரிடம் வட்டைக் கொடுத்தால், உள்ளதும் அழிந்து போகலாம். நம் ஊர் ஈரக்காற்றில் வட்டின்மேல் படர்ந்திருந்த பூஞ்சணத்தையும் அவர் ஆல்கஹாலால் துடைத்த பின்னரே, வட்டைப் படிக்கும் கருவியான இயக்கியில் செருகினார். அழுக்கு வட்டு, படிக்கும் முனையையே கெடுத்துவிடும்.

வட்டுகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று அவர் கேட்டதற்கும் காரணம் உண்டு. 1981இல் ஐபிஎம் கணினியோடு வந்த முதல் டாஸ், ஒரு பக்கத்தில் 40 தடங்கள் (தரவு பதியும் வட்டப் பாதைகள்), தடத்துக்கு 8 பிரிவுகள் என 160 கிலோபைட் மட்டுமே எழுதியது. 1983இல் வந்த இரண்டாம் பதிப்புதான் 9 பிரிவுகளையும் கோப்புகளைப் பிரித்து வைக்கும் உள்ளடைவுகளையும் (ஃபோல்டர்) கொண்டுவந்தது. இரு பக்கமும் சேர்ந்து 360 கிலோபைட் ஆயிற்று. அடுத்த ஆண்டு வந்த 1.2 மெகாபைட் இயக்கியின் முனை குறுகலானது. அது பழைய வட்டைப் படித்துவிடும். ஆனால் அதில் எழுதினால் அகலமான பழைய தடத்தின் மிச்சம் ஓரங்களில் நின்று, பழைய இயக்கியைக் குழப்பும். கடைக்காரர் இரண்டு வகை இயக்கிகளையும் வைத்திருப்பதால், ஒன்றில் தடுமாறிய எங்கள் வட்டுகள் சில மற்றொன்றில் திறந்தன.

முழு வட்டையும் முதலில் நகலெடுத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்கிறார். கோப்பு எந்தெந்த இடத்தில் சிதறியிருக்கிறது என்று காட்டும் ஒதுக்கீட்டு அட்டவணையை டாஸ் இரண்டு படிகளாக எழுதியது எங்களுக்கு நல்லதாயிற்று. முதல் படி பழுதான வட்டில் இரண்டாவது படி கைகொடுத்தது. அழிக்கப்பட்டிருந்த ஒரு திருவிழாக் கணக்கும் கிடைத்தது. டாஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது, பெயரின் முதல் எழுத்தை மாற்றி, அட்டவணையில் அதன் இடத்தைக் காலி என்று குறிக்குமே தவிர, உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. முதலெழுத்து இழந்த அந்தப் பெயரை நாங்கள் ஊகித்து எழுதிக்கொண்டோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். லோட்டஸ் என்ற பழைய மென்பொருளில் போட்ட கணக்குத்தாள்கள், இன்றைய இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் ஒழுங்காகத் திறந்தன. ஆனால் வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து மென்பொருளில் தட்டச்சிட்ட ஆங்கிலக் கடிதங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் சிதைந்திருந்தது. அந்த மென்பொருள் தன் வசதிக்காகச் சொல்லின் இறுதி எழுத்தில் ஒரு பிட்டை மாற்றி வைத்ததன் விளைவு இது. சிறு நிரல் ஒன்றால் சரிசெய்யக்கூடியது. அதைச் செய்யாமல் கொடுத்தது கவனக்குறைவே. வட்டுக்கு 25 ரிங்கிட் என்பது நியாயமான விலைதான். படிக்க முடியாத வட்டுக்கும் அதே கட்டணம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

மூன்றரை அங்குல வட்டு வைத்திருப்பவர்கள் இங்கே வர வேண்டியதில்லை. யூஎஸ்பி இயக்கி ஒன்று வாங்கி வீட்டிலேயே படித்துப் பார்க்கலாம். ஐந்தேகால் அங்குல வட்டுக்கு அப்படிக் கடையில் கிடைக்கும் இயக்கி இல்லை என்பதால், அவற்றை வைத்திருக்கும் கோவில்களும் தோட்டப் பள்ளிகளும் பூஞ்சணம் மேலும் படரும் முன்னர் இந்தக் கடைக்குக் கொண்டு போகலாம்.