பார்தலா, சிஓபிஎம்மா, ஃபிம்மா: ஸ்ட்ரோக் வார்டுக்கு எது சரி?

ஸ்ட்ரோக் பேஷன்ட்டுக்கு எத்தனை தெரபி செஷன் நடந்துச்சுன்னு கணக்கு குடுத்தா மட்டும் போதாது, அவங்க எவ்ளோ தேறினாங்கன்னும் காட்டணும்னு எங்க ஆக்குபேஷனல் தெரபி (தினசரி வேலைங்கள மறுபடி செய்யப் பழக்கற தெரபி) டிபார்ட்மென்ட்ல பேச்சு வந்தப்போ, பேஷன்ட்டோட முன்னேற்றத்தை மார்க் போட்டு அளக்கற மூணு ஸ்கேல் அடிபட்டுச்சு. கடைசில, சாப்பிடறது, குளிக்கறது, நடக்கறது மாதிரி அன்றாட வேலைங்களுக்கு 100க்கு மார்க் போடற பார்தல் இன்டெக்ஸ் எடுத்தோம், நானும் அது பக்கம்தான்.

ஃபிம்ம (ஃபங்ஷனல் இன்டிபெண்டன்ஸ் மெஷர்) சீக்கிரம் முடிச்சிடறேன். 18 ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 7, மொத்தம் 126. நுணுக்கமான ஸ்கேல்தான், ஞாபகம் பேச்செல்லாம்கூட வரும், ஆனா லைசென்ஸ் வேணும் ட்ரெயினிங் வேணும். அமெரிக்காவுலயே மெடிகேர்காரங்க (அரசாங்க மருத்துவக் காப்பீடு) ரீஹேப் ஆஸ்பத்திரி ஃபார்ம்ல இருந்து 2019 அக்டோபர்ல அதைத் தூக்கிட்டாங்க.

உண்மையான போட்டி சிஓபிஎம் (கனடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபார்மன்ஸ் மெஷர்) கூடத்தான். அதுல தனக்கு எந்த வேலை முக்கியம்னு பேஷன்ட்டே சொல்வாங்க, அஞ்சு வரைக்கும் எடுத்துக்கிட்டு எப்படி செய்றோம் எவ்ளோ திருப்தின்னு பத்துக்கு மார்க்கும் அவங்களே போடுவாங்க, ரெண்டு பாயின்ட் ஏறினா நல்ல முன்னேற்றம்னு எடுத்துக்கறது வழக்கம். எங்க படிப்பு படிச்ச யாருக்கும் இதுதான் மனசுக்குப் புடிக்கும். பார்தல்ல 100க்கு 100 வாங்கின அம்மாவால வீட்ல ஒரு ரசம் வைக்க முடியாம போகலாம், ஏன்னா 1965ல வந்த அந்த 10 ஐட்டத்துல சமையலே கிடையாது.

அப்புறம் ஏன் பார்தல்னு கேட்டா, ரெண்டாவது ஸ்கோர். அட்மிஷன்ல எடுத்த நம்பரை மட்டும் வச்சுக்கிட்டு தரம் பத்தி ஒண்ணும் பேச முடியாது, டிஸ்சார்ஜ்லயும் எடுக்கணும், வேற தெரபிஸ்ட் எடுத்தாலும் ஒத்துப்போகணும். நம்ம ஊர்ல டிஸ்சார்ஜ் எப்படி நடக்குதுன்னு தெரியும்ல, காலைல ரவுண்ட்ஸ்ல சொல்லுவாங்க, பில் செட்டில் ஆனதும் வண்டி வந்துடும், அதுக்கு நடுவுல நிதானமா உட்கார்ந்து சிஓபிஎம் இன்டர்வியூ எடுக்க எங்க நேரம்? பேச்சு போன பேஷன்ட்னா இன்னும் கஷ்டம், கூட இருக்கறவங்க பதில் சொன்னா அது அவங்க ஆசையாயிடுது. பார்தலுக்கு பேஷன்ட் செஞ்சு காட்டணும்னுகூட இல்ல, நர்ஸ்கிட்டயும் அட்டெண்டர்கிட்டயும் கேட்டே போடலாம், வீட்டுக்குப் போனப்புறம் போன்லயும் கேக்கலாம்.

ஆனா டீம் மொத்தத்துக்கும் ஒண்ணு பதியணும். முடியுமாங்கறதுக்கு மார்க் இல்ல, தினமும் செய்றாராங்கறதுக்குத்தான் மார்க். கை நல்லா வர்றவருக்கு வீட்டுக்காரம்மா பாசத்துல ஊட்டி விட்டுட்டு இருந்தா சாப்பாட்டுக்கு முழு மார்க்கான 10 போடக்கூடாது. இதை வச்சே அந்த அம்மாகிட்ட உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், அந்தப் பேச்சே பாதி தெரபின்னு நான் நம்பறேன். டாய்லெட் ஐட்டத்துக்குப் பக்கத்துல வெஸ்டர்னா இந்தியனான்னும் எழுதி வைங்க, வார்டுல கமோட்ல 10 வாங்கினவரால வீட்ல இந்தியன் டாய்லெட்ல குந்த முடியாம போகலாம்.

இதெல்லாம் ஸ்ட்ரோக் வார்டுக்குத்தான். குழந்தைங்க, ஹேண்ட் தெரபி பக்கம் எனக்கு அனுபவம் கம்மி, அங்க பார்தல் எடுபடாதுன்னுதான் தோணுது, அந்த வேலை பாக்கறவங்க சொன்னா கேட்டுக்கறேன். எங்க ஓபில மட்டும் பார்தல் 100 தொட்டவங்களுக்கு இப்பவும் சிஓபிஎம்தான் போடறோம்.