லினக்ஸ் கெர்னலின் பழைய பெயர்களோடு எட்டு ஆண்டுகள்

எட்டு ஆண்டுகளாக லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு டிரைவர் (சாதனங்களை இயக்கும் நிரல்) எழுதி வருகிறேன். அதன் பெயர்க் குழப்பம் என்றால் பலரும் 'கிரியேட்' அழைப்பின் கடைசியில் 'ஈ' இல்லாததையும், 'அன்மவுண்ட்' என்பதில் 'என்' விடுபட்டதையும்தான் சொல்வார்கள். அவை வெறும் எழுத்துக் குறைகள், ஒரே நாளில் பழகிவிடும். என்னை வாட்டியவை வேறு: பெயர் அப்படியே நிற்க, பொருள் மட்டும் நகர்ந்துபோனவை.

முதல் அடி பிஐடியில், அதாவது ப்ராசஸ் எண்ணில் விழுந்தது. சாதனத்தைத் திறந்த நிரல் மட்டுமே அதன் அமைப்பை மாற்றலாம் என்று டிரைவரில் ஒரு தடை வைத்தேன். ஓடுவதைப் பற்றிக் கெர்னல் வைத்திருக்கும் பதிவான 'டாஸ்க் ஸ்ட்ரக்ட்' உள்ளே பிஐடி என்றே ஒரு புலம் இருந்ததால் அதைச் சேமித்து ஒப்பிட்டேன். சோதனையில் நன்றாக ஓடியது. பல த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் இழை) உள்ள நிரல் வந்ததும், திறந்தவரையே டிரைவர் அந்நியராகப் பார்த்தது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் புரிந்தது. கெர்னலுக்குள் பிஐடி என்பது த்ரெட்டின் எண். வெளியே கெட்பிஐடி அழைப்பு தருவது உள்ளே டிஜிஐடி எனப்படும் குழு எண். முதன்மை த்ரெட்டில் இரண்டும் ஒன்றே என்பதால்தான் சோதனையில் பிழை தெரியவில்லை.

அப்புறம் பிஹெச். ஸ்பின்லாக் என்ற பூட்டின் பெயரில் பின்னொட்டாக வந்தால் அது 'பாட்டம் ஹாஃப்', அதாவது இன்டரப்ட் வந்தபின் தள்ளிவைத்துச் செய்யும் வேலை. கோப்பு முறைமைக் குறியீட்டில் அதே இரண்டு எழுத்து 'பஃபர் ஹெட்', அதாவது நினைவகத்தில் இருக்கும் வட்டுத் தொகுதியின் விவரக்குறிப்பு. பழைய பாட்டம் ஹாஃப் பொறியமைவே 2.5 வரிசையில் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பின்னொட்டு, அப்படித் தள்ளிவைத்த வேலையை இப்போது செய்யும் சாஃப்ட்ஐஆர்க்யூவைத் தடுக்கிறது.

ஆபத்தானது என்று நான் நினைப்பது செட்_எஃப்எஸ் என்ற கெர்னல் ஃபங்ஷன். ஃபைல் சிஸ்டம் சம்பந்தப்பட்டது என்றே படிக்கத் தோன்றும். உண்மையில் எஃப்எஸ் என்பது எக்ஸ்86 செயலியின் ஒரு செக்மென்ட் ரெஜிஸ்டர் (நினைவகப் பகுதியைச் சுட்டும் செயலியின் உள் இடம்). தொடக்க காலத்தில் பயனர் நினைவகத்தைத் தொட அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு அந்த ரெஜிஸ்டரைத் தொடுவது நின்றது, பெயர் மட்டும் மாறவில்லை. அப்படி ஒரு ரெஜிஸ்டரே இல்லாத ஆர்ம் செயலியிலும் அதே பெயர்தான். செட்_எஃப்எஸ் மாற்றியது, பயனர் தரும் முகவரி எதுவரை செல்லலாம் என்ற எல்லையை. எல்லையைத் தளர்த்திவிட்டுத் திரும்ப வைக்க மறந்தால், பயனர் நிரல் கெர்னல் முகவரியைக் கொடுத்தாலும் சரிபார்ப்பு விட்டுவிடும். 2022-இல் 5.18 பதிப்பில் அது முழுதாகப் போனபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதி.

நினைவகத்தை விடுவிக்கும் கெர்னலின் பின்னணி த்ரெட்டான கேஸ்வாப்டியும் இந்த வகைதான். பெயரில் ஸ்வாப் (நினைவகப் பக்கங்களை வட்டுக்கு மாற்றுவது) இருக்கிறது. ஆனால் ஸ்வாப் இல்லாத இயந்திரத்திலும் அது பக்கங்களை மீட்டுக்கொண்டே இருக்கும்.

பெயர் மாற்றினால் வேலை கூடும் என்பது சரி. 5.8-இல், ஒரு ப்ராசஸின் நினைவக வரைபடத்தைக் காக்கும் பூட்டான எம்மேப்_செம் ('செம்' என்றால் செமஃபோர், ஒரு பூட்டு வகை) என்பது எம்மேப்_லாக் ஆனபோது, கெர்னல் மூலத்துக்கு வெளியே இருந்த என் டிரைவர் கம்பைல் ஆகாமல் நின்றது. அரை நாள் போனது. ஆனாலும் மாற்றியதே நல்லது. பூட்டு எந்த வகை என்பதைவிட, பூட்டு என்பதுதான் படிப்பவருக்குத் தேவை.

இப்போது சுருக்கப் பெயர் எதைப் பார்த்தாலும் கெர்னல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டின் வரலாற்றில் பின்னோக்கிப் போகிறேன். முதன்மைக் களஞ்சியம் 2005 ஏப்ரலில், 2.6.12-ஆர்சி2-வில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாற்றங்கள் தனி வரலாற்றுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. பிஹெச்சின் கதை எனக்குக் கிடைத்தது அங்கேதான்.